கடன்பட்ட விருந்து: பொஹோல் தீவின் பாதுகாவலர் திருவிழாக்கள் எழுப்பும் ஓர் அறவினா

கொடுத்தல் நல்லறம் என்பதில் ஐயமுடையோர் அரியர். கையில் இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுத்தலும் அறமாகுமா என்ற இடத்திலேயே சிந்தனை தடுமாறத் தொடங்குகின்றது. இத்தடுமாற்றத்தை மறைக்காத நூல் திருக்குறள். ஒப்புரவினால் ஒருவனுக்குக் கேடு வருமாயின் தன்னை விற்றேனும் அக்கேட்டைப் பெற்றுக்கொள்ளத் தகும் என்ற கருத்தோடு ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் முடிவடைகின்றது. தனக்குள்ள பொருளின் எல்லையை எண்ணிப் பாராது செய்யும் ஒப்புரவு செல்வத்தை விரைவில் அழித்துவிடும் என்ற எச்சரிக்கையோடு வலியறிதல் அதிகாரம் முடிவடைகின்றது. முன்னது அறத்துப்பாலில் உள்ளது. பின்னது பொருட்பாலில் உள்ளது. இல்லறத்தானுக்குச் சொன்னது ஒன்று, அரசனுக்குச் சொன்னது மற்றொன்று எனக் கூறி இரண்டையும் இசைவித்துவிடலாம். ஆயின் ஓர் ஏழைக் குடும்பத்தின் தலைவன் தன் சிறு வீட்டுக்கு இல்லறத்தானும் அரசனும் ஆகின்றான். அவனுக்கு இரு குறளும் ஒரே நாளில், ஒரே அடுப்பின் முன்னே வந்து நிற்கின்றன.

அவ்வாறு அவை வந்து நிற்கும் நாளை ஆண்டுதோறும் நாட்காட்டியிற் குறித்து வைத்திருக்கும் ஒரு நிலப்பகுதி உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் நடுப்பகுதியாகிய விசயாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பொஹோல் மாகாணமே அது. தக்பிலாரான் என்னும் தலைநகரையும் 47 பட்டினங்களையும் கொண்ட இத்தீவு மாகாணத்தில், 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 14 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். பட்டினந்தோறும் ஒரு பாதுகாவலர் உண்டு. பட்டினத்தின் உட்பிரிவாகிய பராங்காய் என்னும் ஊர்களும், அவை மாகாணத்தில் 1,109 ஆகும், பெரும்பாலும் தத்தமக்கெனச் சிற்றாலயமும் பாதுகாவலரும் உடையன. எனவே ஒரு குடும்பத்துக்குப் பட்டினத்துத் திருவிழா ஒன்று, ஊர்த் திருவிழா ஒன்று என ஆண்டில் இருமுறை வாசல் திறக்கும் கடமை உண்டு.

இவற்றுட் பல மே மாதத்தில் வருகின்றன. முதலாந் திகதி தக்பிலாரானில் தொழிலாளரான புனித சூசையப்பர். நான்காந் திகதி அல்புர்கெர்கேயில் புனித மொனிக்கா. பதினைந்தாந் திகதி துபிகோனில் உழவரான புனித இசிதோர். லொபொக் பட்டினத்தின் பாதுகாவலர்களாகிய இராயப்பர் சின்னப்பர் திருநாள் யூன் 29 ஆயினும், அங்குள்ளோர் குவாதலூப்பே மாதாவுக்கு மே 24 இல் எடுக்கும் விழாவும் பெரியதே. முரசும் சேகண்டியும் எழுப்பும் ஒலியையே பெயராகக் கொண்ட பொலிபொங் கிங்கிங் என்னும் நடனம் அம்மாதாவின் சொரூபத்தின் முன் ஆடப்படும். மே மாதத்திற் பொஹோலில் ஒருவன் நாள்தோறும் ஏதேனுமோர் ஊரில் விருந்துண்ணலாம் என்று அத்தீவினரே வேடிக்கையாகக் கூறுவர். யூன் மாத மழைக்கு முந்திய வறண்ட காலம், பாடசாலை நீண்ட விடுமுறை விடும் வழக்கம், வெளியூர் சென்றோர் திரும்பும் வாய்ப்பு ஆகியன இம்மாதத்துக்குச் சிறப்பளித்தன. 1969 இல் திருச்சபையின் நாட்காட்டி திருத்தப்பட்டபோது புனித மொனிக்காவின் நினைவு நாள் ஓகஸ்ட் 27 க்கு மாற்றப்பட்டது. அல்புர்கெர்கே மக்களோ பழைய மே 4 ஐ விட்டு விலகவில்லை. உரோமையின் நாட்காட்டியிலும் பார்க்க உறவினர் வந்து சேரும் நாட்காட்டி வலியது போலும்.

ஒன்பது நாள் நவநாட் செபம், முன்னாளாகிய பிஸ்பெராஸ், விடியலில் தெருக்களைச் சுற்றிவரும் பேண்ட் வாத்தியம், பெருவிழாப் பூசை, சொரூப பவனி என ஆலயத்தைச் சார்ந்து நிகழ்வன கத்தோலிக்க உலகெங்கும் காணத்தக்கவை. அவற்றின் செலவை ஏற்கும் எர்மானோ மயோர் என்னும் விழாத் தலைவர் பெரும்பாலும் வசதியுடையவர். ஆகவே அவர் பற்றி வினா அதிகம் எழுவதில்லை. வினா எழுவது பூசை முடிந்தபின், வீடுகளில். அன்று எவ்வீட்டின் கதவும் மூடப்படுவதில்லை. உறவினரும் நண்பரும் மட்டுமன்றி, நண்பரின் நண்பரும், அவரோடு வழியிற் சேர்ந்துகொண்ட முகமறியாதவரும் உள்ளே சென்று அமரலாம். பெயர் கேட்கப்படுமுன் தட்டு வைக்கப்படும். முழுதாகச் சுட்ட பன்றியாகிய லெச்சோன், இனிப்புச் சேர்த்து வேகவைத்த பன்றி இறைச்சியாகிய ஹும்பா, பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பலகாரங்கள் என மேசை நிறைந்திருக்கும். ஆண்டு முழுவதும் சோறும் கருவாடும் உண்ணும் வீட்டிலும் அன்று அவ்வாறே.

இதற்கான பொருள் எங்கிருந்து வருகின்றது? ஓராண்டாகக் கொல்லைப்புறத்திற் சமையற் கழிவும் தவிடும் இட்டு வளர்த்த பன்றி ஒரு பகுதி. மணிலாவிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பும் பணம் மற்றொரு பகுதி. இவ்விரண்டும் இல்லாதவிடத்துக் கடனே வழி. பிலிப்பைன்ஸில் 'ஐந்து-ஆறு' எனப் பெயர்பெற்ற சிறுகடன் முறை உண்டு. ஐயாயிரம் பெசோ வாங்கியவர் ஆறாயிரமாகத் திருப்ப வேண்டும், அதுவும் பெரும்பாலும் சில வாரங்களுக்குள். 'பிரெந்தா' என்ற பெயரில் வயலையோ தென்னையையோ ஈடுவைத்தலும் உண்டு. அங்கே கடன் தீருமட்டும் விளைவு கடன் கொடுத்தவனுக்கே. மே மாதத்தில் ஒரு நாள் உண்ட உணவுக்காக ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் ஒரு குடும்பம் தன் உணவைக் குறைத்துக்கொள்வது வியப்புக்குரிய செய்தியன்று.

இதனைக் கண்டிப்பவர்கள் புதியவர் அல்லர். ஹோசே ரிசால் 1887 இல் பேர்லினில் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே' என்னும் நாவலில் சான் தியேகோ என்னும் கற்பனைப் பட்டினத்தின் திருவிழா பல அத்தியாயங்களை நிறைக்கின்றது. விழாவை எவ்வாறு நடத்துவது என ஊர்ப் பெரியோர் கூடி விவாதிக்கின்றனர். செலவைக் குறைத்து ஊருக்குப் பயன்படுவன செய்யலாம் என்ற கருத்தும் எழுகின்றது. இறுதியில், பங்குக் குருவானவர் ஆறு பவனிகளும் மூன்று பிரசங்கங்களும் மூன்று பாடற் பூசைகளும் வேண்டுமென்று முடிவு செய்துவிட்டார் என்ற செய்தியோடு விவாதம் அடங்கிவிடுகின்றது. ஊரார் பைத்தியக்காரன் எனவும் சிலர் ஞானி எனவும் கூறும் தாசியோ என்னும் முதியவரே அந்நாவலில் இவ்வாரவாரத்தை வெளிப்படையாக வெறுப்பவர். மக்களின் துயரக் குரல் கேளாதிருக்கவே இத்தனை ஓசை எழுப்பப்படுகின்றது என்பது அவருடைய கருத்தின் சாரம். ரிசாலின் கண்டனத்தை வெறுஞ் சிக்கனவாதமாகக் கொள்வோர் அதனைப் பாதியே படித்தவராவர். செலவின் பெருமையிலும் பார்க்க, செலவழிப்போருக்கு 'மாட்டோம்' என்று சொல்ல இடமில்லாமையே அவரை வருத்தியது. இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

திருவிழாவின் வரலாறும் கட்டாயத்தின் நிழலிலேயே தொடங்குகின்றது. யேசுசபைக் குருமார் 1596 இல் பக்லயோனில் வந்திறங்கியபோது தீவின் மக்கள் ஆற்றங்கரைகளிலும் கடலோரங்களிலும் சிதறி வாழ்ந்தனர். அவர்களை ஆலய மணியோசை எட்டும் தூரத்துள் குடியமர்த்துவது ஸ்பானிய ஆட்சியின் கொள்கை. வரி வாங்கவும் ஞானோபதேசம் கற்பிக்கவும் அதுவே வசதி. தோட்டத்தையும் மீன்பிடி துறையையும் விட்டு வர மக்கள் விரும்பவில்லை. பிலிப்பைன்ஸின் ஸ்பானியமயமாக்கம் பற்றி 1959 இல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஜோன் லெடி ஃபீலன், சிதறி வாழ்ந்தோரைப் பட்டினத்துக்கு இழுத்துவந்த ஆற்றல்களுள் திருவிழாவும் ஒன்று என்பதைக் காட்டினார். ஆணைக்கு வராதவர்கள் விழாவுக்கு வந்தார்கள். 1768 இல் யேசுசபையினர் வெளியேற்றப்பட்டபின் அகுஸ்தீனார் சபையின் ஒரு கிளையான ரெக்கொலெக்தோ துறவிகள் பங்குகளை ஏற்றனர். அல்புர்கெர்கேயில் அகுஸ்தீனாரின் தாயாகிய மொனிக்காவும், திமியாவில் அச்சபையைச் சேர்ந்த தொலெந்தினோ நிக்கொலாசும் பாதுகாவலராய் விளங்குதல் அவ்வாட்சி மாற்றத்தின் தடமெனக் கொள்ளத்தகும்.

ஈண்டு ஒரு நிகழ்ச்சி நினைக்கத்தக்கது. 1621 இல், பிரான்சிஸ் சவேரியாருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டதைக் கொண்டாடப் பொஹோலின் குருமார் அயல் தீவாகிய செபுவுக்குச் சென்றிருந்தனர். முத்துக்குளித்துறைத் தமிழர் நடுவே போதித்து, மன்னாரின் முதற் கிறிஸ்தவர் வரலாற்றோடும் பெயரிணைந்த அதே சவேரியார்தான். அவர்கள் இல்லாத அவ்வேளையில் தம்ப்லோத் என்னும் பழஞ்சமயப் பூசாரி ஒருவர் மக்களைக் கிளர்ந்தெழச் செய்தார். அரசனுக்குத் திறையும் கோயிலுக்குக் காணிக்கையும் இன்றி நிறைவாக வாழலாம் என்பது அவர் அளித்த வாக்குறுதி. யேசுசபையினரின் பொறுப்பிலிருந்த ஊர்களுள் லொபொக்கும் பக்லயோனும் மட்டுமே கிளர்ச்சியிற் சேரவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் செபுவிலிருந்து வந்த படை அதனை நசுக்கியது. ஒரு புனிதரின் விழா நடந்துகொண்டிருந்த நாளிலேயே விழாவுக்கான காணிக்கை இனி வேண்டாம் என்ற குரல் எழுந்தது. அக்குரலைச் சமயப் பகைமை என ஸ்பானியர் எழுதினர். கொடையென்று பெயர் சூட்டப்பட்ட ஒன்று உண்மையில் வரிதான் என்று கண்டவரின் குரலாகவும் அதனைக் கேட்கலாம்.

அறவியலாளர் பக்கம் திரும்பின், அரிஸ்டோட்டில் இவ்விடயத்திற் கடுமையானவர். நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில் அவர் பெருஞ்செலவு செய்யும் பண்பை ஒரு நற்குணமாக விதந்து கூறுகின்றார். தெய்வங்களுக்கான காணிக்கைகளும் ஊருக்கு அளிக்கும் விருந்தும் அதற்கு உதாரணங்கள். ஆயின் ஏழைக்கு அக்குணம் வாய்க்காது. முயல்பவன் மூடன் என்று அவர் முடித்துவிடுகின்றார். தோமஸ் அக்குவைனஸ் இத்தீர்ப்பை ஏற்றும் ஏற்காமலும் ஒரு வழி காண்கின்றார். நற்குணத்தின் முதன்மையான செயல் அகத்தே நிகழும் தெரிவு. அத்தெரிவு ஏழைக்கும் கூடும். தன்னளவிற் பெரியதாகிய பணியை அவன் செய்ய இயலாதாயினும், தன்னளவிற் சிறியதாகிய ஒன்றை அதனதன் இனத்துக்கேற்பப் பெருமைபடச் செய்தல் கூடும் என்கின்றார். பொஹோலுக்கு வந்த யேசுசபைக் குருமார் தமது இறையியலிற் பின்பற்றிய ஆசிரியர் இவரே. அவர்கள் கொணர்ந்த இறையியலிலேயே ஏழையின் சிறு மேசைக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மேசை சிறியதாய் இருக்கலாம் என்ற பகுதி மட்டும் ஊர் வழக்கில் மறக்கப்பட்டுவிட்டது.

விழாவுக்கு ஆதரவாக இக்காலத்தவர் வேறொரு நியாயம் கூறுவர். ஒரு வீட்டின் செலவை மட்டும் தனியே எடுத்து நோக்குவது தவறு என்பது அவர் வாதம். விழா நாட்கள் ஊருக்கூர் வேறுபடுவதால், ஒரு நாள் விருந்தளிப்பவன் பல நாள் விருந்துண்பவனாகின்றான். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கொன்ற பன்றியைப் பலரோடு பகிர்வதே அறிவுடைமை. இன்று எனக்கு, நாளை உனக்கு என்று இறைச்சி தீவைச் சுற்றி வந்தது. பன்றியைச் சுற்றி வந்தது இறைச்சி மட்டுமன்று. வேலை, திருமணம், கடன் வசதி, பேரிடர் உதவி ஆகிய அனைத்தும் அவ்வழியே சென்றன. 2013 ஒக்டோபர் 15 இல் 7.2 அளவான நிலநடுக்கம் இத்தீவைக் குலுக்கி இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றபோதும், 2021 டிசம்பர் 16 இல் ஒடெற் எனப் பெயரிடப்பட்ட சூறாவளி தாக்கியபோதும், இத்தகைய உறவுவலை உயிர்காக்கும் வலையாகும் என்பதில் ஐயமில்லை. மார்செல் மோஸ் 1925 இல் எழுதிய கட்டுரையிற் கொடுத்தல், ஏற்றல், திருப்புதல் என மூன்று கடப்பாடுகளைக் கண்டு, கொடை என்பது சமூகத்தைப் பிணைக்கும் ஒப்பந்தம் என விளக்கியது இவ்வாதத்துக்கு அரணாகின்றது.

இவ்வாதம் வலிமையுடையது; ஆயின் தான் காக்க வந்ததையே அது இழக்கச் செய்கின்றது. விருந்து ஒரு காப்புறுதித் திட்டமெனின் அது வீண்செலவு அன்று என்பது நிறுவப்பட்டுவிடும். அப்போது அது கொடையும் அன்று, தவணைப் பணம். உத்தாங் கபுபுத்-ஓன், அதாவது உள்ளத்தால் உணரும் நன்றிக்கடன், என்பது விசயா மக்களின் அறச்சொற்களுள் தலையாயது. அச்சொல்லிலேயே உத்தாங், கடன் என்ற பகுதி முன்னிற்கின்றது. எல்லாக் கொடையும் கடனாகத் திரும்பி வருமாயின், கடன்பட்டு விருந்து செய்பவன் இரு கடன்களுக்கு நடுவே நிற்கின்றான்: ஒன்று வட்டிக்காரனுக்கு அவன் தர வேண்டியது, மற்றொன்று விருந்தினர் அவனுக்குத் தர வேண்டியது. பின்னதைக் கொண்டு முன்னதைத் தீர்க்க முடியாது என்பதே அவனுடைய இடர்.

இக்கணக்குக்குள் அடங்காதவர் ஒருவர் உளர். அவரே முகமறியாத விருந்தினர். அவர் திரும்பவும் வாரார். அவருடைய ஊர் எதுவென்பதும் தெரியாது. அவருக்கு இட்ட சோறு எந்த வலையிலும் சுற்றி வரப்போவதில்லை. தமிழில் விருந்து என்ற சொல் உணவையும் உண்ண வந்தவரையும் குறிப்பதோடு, புதுமை என்ற பொருளையும் பழைமையாக உடையது; புதியவரே விருந்தினர். செபுவானோ மொழியில் விருந்தினருக்குரிய பிஸித்தா என்பது ஸ்பானியச் சொல்லின் திரிபு. அதே சொல் முற்காலத்தில், நிலையான குருவானவர் இன்றி அவர் எப்போதாவது வந்து போகும் ஒதுக்குப்புறச் சிற்றாலயத்தையும் குறித்தது. எப்போதாவது வருபவரை எதிர்நோக்கி ஒழுங்குசெய்யப்பட்ட இடம் என்ற கருத்து வீட்டுக்கும் பொருந்துகின்றது. பொஹோலின் வாசல் உறவினருக்கு மட்டும் திறப்பதாயின் அதில் அறவியல் ஆய்வுக்குரியது அதிகமில்லை. முகமறியாதவருக்கும் அது திறக்கின்றது என்ற ஒன்றே இவ்விழாவைப் பண்டமாற்றிலிருந்து பிரித்து நிறுத்துகின்றது. சிக்கனம் பேசுவோர் முதலிற் குறைக்கச் சொல்வதும் இவரைத்தான் என்பது கவனிக்கத்தக்கது.

கிறிஸ்தவ மறைநூலிலேயே வீண்செலவு பற்றிய வழக்கு ஒன்று உண்டு. பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் ஊற்றியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என யூதாசு கேட்டதாக அருளப்பர் எழுதுகின்றார். திருவிழாச் செலவைக் கண்டிப்பவரை வாயடைக்க இப்பகுதி எடுத்தாளப்படுவதுண்டு. ஒரு வேறுபாட்டை அவர்கள் காண்பதில்லை. தைலம் மரியாளுடையது. ஊற்றும்படி அவளை எவரும் கேட்கவில்லை. ஊற்றாவிடின் எவரும் அவளை இகழ்ந்திருக்கவும் மாட்டார். கானாவூர்க் கலியாணம் இங்கே கூடுதலாகப் பொருந்தும். அங்கே இரசம் தீர்ந்துவிட்டது. விருந்தளித்தவன் வெட்கப்பட வேண்டிய நிலை. அவ்வெட்கத்திலிருந்து அவன் காக்கப்பட்டான். அருளப்பரின் நூலில் முதலாம் அற்புதம் இதுவே. ஏழை விருந்தளிப்பவனின் வெட்கம் அற்பமான பொருள் அன்று என்பதற்கு இதனினும் உயர்ந்த சான்று ஒரு கத்தோலிக்கனுக்குக் கிடைத்தலரிது. அவ்வெட்கம் அங்கே நீக்கப்பட்டது. வட்டிக்காரனிடம் அனுப்பப்படவில்லை.

ஆக, செலவின் அளவு பற்றிய வினா உண்மையில் வெட்கம் பற்றிய வினாவாக மாறுகின்றது. உலாவ் என்று செபுவானோ மொழி சொல்லும் வெட்கத்துக்கு இரு முகம் உண்டு. பிறர் பசித்திருக்கத் தான் உண்ண நாணும் வெட்கம் ஒன்று. அது கொடைக்குத் தாய். அயலவனின் மேசையோடு தன் மேசையை ஒப்பிட்டு நாணும் வெட்கம் மற்றொன்று. அது கடனுக்குத் தாய். வெளியிலிருந்து நோக்குவோருக்கு இரண்டும் ஒரே பன்றியையே கொல்கின்றன. உள்ளே வேறுபாடு பெரிது. முன்னதற்கு உட்பட்டவன் வசதியில்லாத ஆண்டிற் சோறும் மீனும் வைத்துக் கதவைத் திறந்து வைப்பான். பின்னதற்கு உட்பட்டவன் வயலை ஈடுவைப்பான். அதுவும் இயலாவிடின் கதவை மூடிக்கொண்டு அன்று வேற்றூருக்குப் போய்விடுவான். மூடிய கதவும் ஈடுவைத்த வயலும் ஒரே நோயின் இரு குறிகள். பனாத் எனப்படும் நேர்ச்சை காரணமாக விருந்தளிப்பவரை இக்கணக்கிற் சேர்த்தல் ஆகாது; நோயுற்ற பிள்ளைக்காகப் புனிதருக்குச் சொல்லிய சொல்லை நிறைவேற்றும் தாய் அயலவரின் மேசையைப் பார்ப்பதில்லை.

தாயைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் சொல்லப்பட வேண்டும். பன்றியைக் கோலிற் கோத்துச் சுடும் வேலை ஆண்களுடையது. முற்றத்திற் பலர் காண, பேச்சும் மதுவுமாக அது நிகழும். ஏனைய அனைத்தும் பின்கட்டில், முன்னாளிரவு தொடங்கி, பெரும்பாலும் பெண்களின் கையால் ஆகின்றன. விழா நாளில் அவர்கள் கடைசியாக உண்பவர். பவனியைக் காணாது போகிறவர்களும் உளர். கடன் வாங்கும் தீர்மானம் யாருடையதாயினும், பின்வரும் மாதங்களில் அரிசியை அளந்து போடுபவள் அவளே. விருந்தோம்பல் பற்றிய நூல்கள் வீட்டுத் தலைவனை விளித்தே பேசுவதால், கொடையின் உடலுழைப்பை யார் கொடுத்தார் என்பது எழுதப்படாது போய்விட்டது. கடன்பட்டுக் கொடுத்தல் அறமா என்ற வினாவைக் கேட்பவர், கடன் யாருடைய உடலில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

2020 ஆம் ஆண்டு, எவரும் திட்டமிடாத ஒரு சோதனையை நிகழ்த்திக் காட்டியது. பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளால் அவ்வாண்டு மே மாதம் பவனியும் இல்லை, பொது விருந்தும் இல்லை, பூசைகள் ஒளிபரப்பாயின. கதவுகள் சட்டத்தால் மூடப்பட்டன. எவருடைய வெட்கமும் அதிற் கலக்கவில்லை. வழக்கம் வெறுங் கட்டாயமே எனில், கட்டாயம் நீங்கிய அவ்விடைவெளியில் அது தளர்ந்து மறைந்திருக்க வேண்டும். கட்டுப்பாடுகள் நீங்கியதும் வாசல்கள் மீண்டும் திறந்தன. தம்ப்லோத்தின் வாதம் முழுமையானது அன்று என்பதற்கு இது சான்று. மக்கள் வேண்டாத வரி, ஒருமுறை விடுபட்டபின், அவர்களாலேயே மீண்டும் விதிக்கப்படுவதில்லை. ஆயினும் எல்லாரும் ஒரேயளவு விருப்போடு திறந்தனர் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பொருந்தாது. முதல் வீடு திறந்தால் அடுத்த வீடு திறந்தேயாக வேண்டும் என்பது பழைய நிலை. அந்நிலையும் கூடவே திரும்பியது.

இதற்கு மருந்து பிரசங்கத்தில் இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். எளிமையாகக் கொண்டாடுங்கள் என்று குருமார் கேட்பது பொஹோலுக்கு மட்டும் உரியதன்று. அதில் ஒரு சங்கடம் உண்டு. ரிசாலின் நாவலிற் செலவைக் கூட்டும்படி ஆணை வந்தது பலிபீடத்தின் பக்கத்திலிருந்தே. குறைக்கும்படி வரும் ஆணையும் அங்கிருந்தே வருமாயின், 'மாட்டோம்' என்று சொல்லும் உரிமை மக்களிடம் இன்னும் வந்து சேரவில்லை என்பதே பொருள். பேண்ட் வாத்தியத்தையும் வாணவேடிக்கையையும் பங்கு குறைக்கலாம், அவை பங்கினுடையவை. மேசை வீட்டினுடையது.

மேசையைக் குறைக்கும் ஆற்றல் உண்மையில் வேறொருவரிடம் உள்ளது. அறநூல்கள் அவரை அதிகம் விளிப்பதில்லை. அவர் விருந்தினர். பொஹோலில் விருந்தினருக்கும் சில வழக்குகள் உண்டு. அழைத்த வீட்டை ஒதுக்கிச் செல்லலாகாது. ஆதலால் ஒருவர் ஒரே நாளில் நான்கைந்து வீடுகளில் அமர்ந்து ஒவ்வொன்றிலும் சிறிது உண்பார். 'பிறிங் ஹவுஸ்' என்று ஆங்கிலச் சொற்களைக் கோத்து விசயா மக்கள் நகைச்சுவையாகப் பெயரிட்ட வழக்கமும் உண்டு. விருந்தினர் புறப்படும்போது வரமுடியாத முதியோருக்கும் நோயாளருக்கும் என ஒரு பொட்டலம் கட்டித் தரப்படும். சிலவேளை விருந்தினரே கட்டிக்கொள்வதும் உண்டு என்பதே நகைச்சுவைக்குக் காரணம். இவ்வழக்குகளின் நடுவே விருந்தினர் ஒன்றைச் செய்கின்றார்: ஒப்பிடுகின்றார். எந்த வீட்டில் லெச்சோன் இருந்தது, எந்த வீட்டில் இல்லை என்ற செய்தி அவர் வாயிலாகவே அடுத்த வீட்டுக்குச் செல்கின்றது. அடுத்த ஆண்டின் கடன் அங்கேதான் எழுதப்படுகின்றது. சோறும் மீனும் வைத்துக் கதவைத் திறந்த வீடு அக்குவைனஸ் சொன்ன அளவை நிறைவேற்றிவிட்டது. தெருவில் மேலும் இரு வீடுகளில் பன்றி சுட்ட மணம் வரும்போது, அந்த வீட்டின் படியேறி, அமர்ந்து, இரண்டாம் முறையும் சோறு கேட்டு உண்பவர் எத்தனை பேர் என்பது விருந்தினரின் கணக்கு.